வர்த்தமானிப் பெருமானுக்குப் படுவான்கரை சூட்டும் மாலை

அதிவிசேட வர்த்தமானிப் பெருமானே! அடியோங்கள் படுவான்கரைக் குடிகள். மட்டக்களப்பு வாவியின் மேற்கே, உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நீர் வார்க்க வேளாண்மை செய்து வயிறு வளர்ப்பவர்கள். கொழும்பில் அரச அச்சகத்தில் அவதரித்து, எங்கள் வரம்பில் ஒருநாளும் கால் வைக்காமலே, எங்கள் வயலுக்கு எது நன்று, எங்கள் வயிற்றுக்கு எது தீது என்று அறிந்து அருளும் தங்கள் ஞானத்தை இதுகாறும் முறைப்படி வாழ்த்தாமல் இருந்துவிட்டோம். அக்குறையை இன்று தீர்க்கிறோம்.

தங்கள் திருக்குணங்களில் எதை முதலில் பாடுவது? பொறுமையையா, வேகத்தையா? ஒருவரிடமே இரண்டும் குடிகொள்வது அரிது. அதிலும், வேகம் வேண்டிய இடத்தில் பொறுமையும் பொறுமை வேண்டிய இடத்தில் வேகமுமாக இடமறிந்து அவை அமர்வது தங்களிடம் மட்டுமே. பொறுமையிலிருந்து தொடங்குகிறோம்.

மரபணு மாற்றிய உணவு விடயத்தில் 2001 ஆம் ஆண்டு தாங்கள் காட்டிய வீரம் பரணி பாடத் தக்கது. பெரிய நாடுகளே தயங்கி நின்ற காலத்தில், அத்தகைய உணவு எதுவும் மே முதலாந் திகதி தொடங்கி இத்தீவில் இறங்கலாகாது என்று சங்கநாதம் செய்தீர்கள். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பாத ஈழத்து விருந்தோம்பலை மறவாமல், தடையைச் செப்டெம்பருக்குத் தள்ளினீர்கள். பின்னர், திகதி என்னும் அற்பத் தளையையே அறுத்தெறிந்து, காலவரையறையின்றித் தள்ளினீர்கள். வாளை உருவிய மன்னர் வரலாற்றில் பலர். ஒரு புல்லின் நுனியும் அறுபடாமல் அதை மீண்டும் உறையிலிட்ட மன்னர் தாங்கள் ஒருவரே.

அந்தத் தடை துறவறம் பூண்டபின், 2006 இல் ஓர் ஒழுங்குவிதியை ஈன்றீர்கள். 2007 ஜனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. தலைமை உணவு அதிகாரியின் அனுமதியின்றி மரபணு மாற்றிய உணவு இறக்குமதியாகலாகாது, அரை வீதத்துக்கு மேல் கலந்திருந்தால் பொதியின் மீது எழுத வேண்டும் என்றது அது. அரை வீதம்! ஐரோப்பிய ஒன்றியமே 0.9 வீதத்தோடு அமைந்துவிட்ட இடத்தில், தாங்கள் அதையும் மிஞ்சிய கறாரைக் காட்டினீர்கள். எங்கள் ஊர்க் கடைகளில் எண்ணெய்ப் போத்தலையும் சோயாமீற் பைக்கற்றையும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பெண்கள் அந்த வாசகத்தைத் தேடிக் கண் பூத்துப் போவது தங்கள் குற்றமன்று. எழுத வேண்டியவர் எழுதினாரா என்று சந்தை சந்தையாக ஆளனுப்பிச் சோதிப்பது வணிகப் பெருமக்களின் நாணயத்தை ஐயுறுவதாகும். ஐயம் சான்றோர்க்கு அழகன்று. மேலும், மனிதர் உண்பதையே அவ்விதி கவனிக்கிறது. கோழித் தீவனத்தின் பக்கம் அது திரும்புவதில்லை. என்னே பகுத்தறிவு! தீவனத்தை நாங்கள் தின்பதில்லையே, கோழியைத்தானே தின்கிறோம்.

மரபணு மாற்றிய உணவை ஒவ்வொன்றாகவே பரிசோதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மொத்தமாக நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லமுடியாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். பாவம், அவர்களுக்கு வேறு வேலையில்லை. தங்கள் அரசோ 2004 இல் கார்ட்டஜீனா உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, எல்லை தாண்டிவரும் மரபணு மாற்றிய உயிரிகளை நெறிப்படுத்துவோம் என்று உலகறிய வாக்களித்தது. மறு ஆண்டே தேசிய உயிர்ப்பாதுகாப்புச் சட்டகமும் தயாரானது. அதிலிருந்து பிறக்க வேண்டிய சட்டமூலம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வரைவு என்னும் கருவறையிலேயே வளர்ந்தது. யானைக்கன்றுக்கு இருபத்திரண்டு மாதம் போதும். தாங்கள் சுமப்பது அதனினும் பெரிய ஏதோ ஒன்று என்று நாங்கள் பெருமிதம் கொண்டோம்.

அந்தப் பொறுமையின் பயனை 2018 இன் கடைசியில் கண்ணாரக் கண்டோம். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, ஆபிரிக்காவையும் இந்தியாவையும் கடந்து, படைப்புழு இத்தீவின் சோளச் சேனைகளுக்குள் புகுந்து குருத்தைக் குடைந்தது. அப்புழுவின் சொந்த மண்ணில், பக்ரீரியா ஒன்றின் மரபணுவை ஏற்றிய பி.ரி. சோளத்தை விதைக்கிறார்கள். அதனால் மருந்தடிப்புக் குறைந்தது என்பர் ஒரு சாரார். புவேர்ட்டோ ரிக்கோவில் அதே புழு அதே சோளத்தைத் தின்னப் பழகிவிட்டது, விதைக்கு ஆண்டுதோறும் கம்பனியின் வாசலில் நிற்க வேண்டும் என்பர் மறு சாரார். இரு சாரார் சொல்வதும் உண்மை. எங்கள் மண்ணுக்கு இவற்றுள் எது கூடுதல் உண்மை என்று நிறுத்துப் பார்க்கத் தராசு வேண்டும். தராசு வைத்திருப்பவர்க்கு வழக்கும் வரும், வழக்கு வந்தால் உறக்கம் கெடும். தாங்கள் ஆமென்றும் சொல்லவில்லை, அல்லவென்றும் சொல்லவில்லை. சேனைக்காரர் கிடைத்த நஞ்சையெல்லாம் வாங்கி அடித்தார்கள். மழைநீர் வழக்கம்போல் வாவியை நோக்கியே ஓடிற்று. இறாலும் மீனும் தங்கள் நடுநிலைமையில் தத்தம் பங்கைப் பெற்றன.

அயலாரைப் பாருங்கள், எத்தனை பதற்றம்! இந்தியாவில் பி.ரி. கத்தரிக்கு வழிவிடுவதா என்று தீர்மானிக்க, அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் சபை கூட்டினார். விவசாயியும் விஞ்ஞானியும் முகத்துக்கு நேரே கூச்சலிட, இருந்து கேட்டார். 2010 பெப்ரவரியில், காரணங்களைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்து அதை நிறுத்திவைத்தார். வங்காளதேசமோ 2013 இல் அதே கத்தரிக்கு அனுமதி கொடுத்து விவசாயிகளிடம் நாற்றைக் கொடுத்தது. ஒருவர் வேண்டாம் என்றார், ஒருவர் வேண்டும் என்றார். இருவரும் காரணம் சொன்னார்கள். குடிகளுக்குக் காரணம் சொல்லும் அரசு குடிகளுக்கு அஞ்சும் அரசு. அந்த இழிவு தங்களை ஒருபோதும் தீண்டியதில்லை.

இனித் தங்கள் வேகம். 2015 ஜூனில் கிளைபொசேற் களைநாசினியைத் தடுத்தீர்கள். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய்க்கு அது காரணமாகலாம் என்ற ஐயமே போதுமாயிருந்தது. 2018 இல், ஐயம் தெளியாமலே, தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை விலக்கினீர்கள். டொலர் தரும் பயிரின் களை ஒரு சாதி, சோறு தரும் பயிரின் களை வேறு சாதி என்னும் தாவரவியல் உண்மையைத் தங்களுக்கு முன் கண்டவர் யார்?

ஆயினும் அவையெல்லாம் தாரகைகள். பூரண சந்திரன் 2021 மே 6. நெற்செய்கைக்குப் பசளை இலவசம் என்றும், பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றும் சொல்லி ஆசனமேறினார் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. அந்தப் பத்து ஆண்டை ஒரே பகலுக்குள் மடித்துத் தந்த மாண்பு தங்களுடையது. இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் அன்றோடு இறங்கலாகாது என்றீர்கள். ஏக்கருக்கு எத்தனை தொன் கூட்டெரு வேண்டும், அத்தனை மாடு எங்கே நிற்கிறது என்ற கணக்கைத் தாங்கள் எழுதவில்லை. எண்ணுவது கணக்கப்பிள்ளையின் தொழில், ஆணையிடுவது அரசரின் தொழில். பெரும்போகம் வந்தது. அடிக்கட்டுப் பசளை இல்லை, யூரியா இல்லை. பசளை கேட்டவர்களுக்கென ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானமேறி நனோ நைதரசன் திரவம் வந்தது. வட்டை வட்டையாகப் பயிர் வெளிறி மஞ்சளித்தது. ஆண்டாண்டாய்ப் பச்சையையே பார்த்துச் சலித்த எங்கள் கண்களுக்குத் தாங்கள் அளித்த புதுமை அது.

அக்காலத்தில் ஒரேயொரு தவறு நேர்ந்ததை மறைக்கமாட்டோம்: யாரோ ஒன்றைப் பரிசோதித்துவிட்டார்கள். சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்னும் கப்பல் 20,000 தொன் சேதனப் பசளையோடு புறப்பட, நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் அதன் மாதிரியை ஆய்வுகூடத்தில் வைத்து, பயிருக்குக் கேடு செய்யும் எர்வினியா பக்ரீரியா இருக்கிறதென்று கண்டுபிடித்தார்கள். கண்டதைச் சொல்லவும் சொன்னார்கள். விளைவு என்ன? அந்தப் பசளைக்குப் பணம் செலுத்தாத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கரையிறங்காத அந்தப் பசளைக்காகச் சுமார் 70 இலட்சம் அமெரிக்க டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. பரிசோதனை எத்தனை ஊதாரித்தனமான பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நவம்பரில் தடையை விலக்கினீர்கள். விதைப்பு முடிந்து, பசளையின் சர்வதேச விலை வானத்தைத் தொட்டு, நாட்டின் டொலர் வற்றிய சுபமுகூர்த்தத்தைத் தேர்ந்து விலக்கியதே தங்கள் சோதிட வல்லமை. முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னளவில் விளைந்த நாட்டு நெல், அந்தப் போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே இறங்கியது. களத்தில் சூடடிக்கும் பாடு அத்தனையும் மிச்சம். 2022 ஜனவரியில், கெட்ட விளைச்சலுக்கு ஈடாக 4,000 கோடி ரூபா தருவதாக அரசு அறிவித்தது. இலவசப் பசளையை நிறுத்தி, நிறுத்தியதற்கு நட்டஈடு அறிவிக்கும் இந்தப் பொருளியலைக் கற்க வெளிநாட்டார் வரிசையில் நிற்பர்.

ஆணை தந்த ஜனாதிபதி 2022 ஏப்ரலில் அது தவறென்று ஒப்புக்கொண்டார்; ஜூலையில் நாட்டை விட்டே போனார். தாங்களோ இருந்த இடத்திலேயே இருக்கிறீர்கள். அரசர் வருவர், போவர். வயலைக் கேளாமல் வயலுக்கு எழுதும் தங்கள் மரபு மட்டும் நிலைத்து நிற்கும்.

ஆகவே, இதை வாசிக்கும் பெரியோர்களே, படுவான்கரைக் குடிகளின் பணிவான விண்ணப்பம் ஒன்றே. உயிர்ப்பாதுகாப்புச் சட்டமூலத்தின் அறிதுயிலை எவரும் கலைத்துவிட வேண்டாம். அது விழித்தெழுந்தால் விதையைச் சோதிக்க ஆய்வுகூடம் கேட்கும். தீவன மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கும். நன்மையையும் தீமையையும் அறிந்தோரிடம் எழுதி வாங்கி, ஊரறிய வெளியிடச் சொல்லும். கடைசியில், வயலில் நிற்பவனை அழைத்து வைத்து உனக்கு எது வேண்டும் என்று கேட்டாலும் கேட்டுவிடும். இத்தனை ஆண்டு யாரும் கேளாத கேள்வி அது. அதைக் கேட்கும் துணிவு எந்த அரசுக்கும் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த போகத்தையும் பழையபடி தொலைத்துவிட்டு நாங்கள் வாழ்த்திக்கொண்டே இருப்போம்.