கணு இருக்கா சார்?

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் வாசலில் அலங்காரத்துக்கு வைத்த தொட்டியின் முன்னால் குனிந்து நிற்பார். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். தண்டை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்துவார். அங்கேதான் கணு. சட்டைப் பையில் மொய்க் கவருக்குப் பின்னால் பாதி பிளேடும் ஒரு பிளாஸ்டிக் உறையும் இருக்கும். பந்திக்கு அவர் கொஞ்சம் தாமதமாக வந்தால் காரணம் கேட்கக் கூடாது. திருடி வைத்த மணி பிளான்ட்தான் தழைக்கும் என்று சொல்வார்களே, அது ஊருக்கு நம்பிக்கை. அவருக்குச் சட்ட விலக்கு.

மணி பிளான்ட் என்ற பெயரை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். "எபிப்ரெம்னம் ஆரியம்னு சொல்லுங்க சார். பிரெஞ்சு பாலினேசியாவுல மூரியா தீவுதான் அதுக்குச் சொந்த ஊர்" என்று ஆரம்பித்துவிடுவார். தங்கை மகள் பெயர் நினைவுக்கு வராமல் 'பாப்பா' என்று சமாளிக்கிறவரும் இவர்தான். அந்தப் பாப்பாவுக்கே இப்போது இரண்டு குழந்தைகள்.

போன ஆடியில் பக்கத்து வீட்டு மாமியின் பிரம்ம கமலம் பூத்தது. ராத்திரி பத்து மணிக்கு விளக்கேற்றி, குங்குமம் இட்டு, தெருவே கூடி நிற்கிறது. இவர் போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது பிரம்ம கமலம் இல்ல மாமி. நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில, உத்தராகண்டோட மாநிலப் பூ. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. நீங்க இலைன்னு நினைக்கிறது இலை இல்ல, தட்டையான தண்டு" என்றார். மாமி கற்பூரத்தை இறக்காமலே கேட்டார்: "ஏன், மெக்சிகோவுல பிரம்மா இருக்க மாட்டாரா?"

சான்ஸ்வீரியாக்களை எல்லாம் டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள் என்று தாவரவியல் உலகத்திலிருந்து சேதி வந்தபோது, ஐஸ்கிரீம் குச்சிகளில் எழுதிச் செருகியிருந்த பெயர்களை உட்கார்ந்து மாற்றி எழுதினார். மாற்ற மறுத்த நண்பரோடு கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லை. பெயர் அவ்வளவு முக்கியம். வெயிலில் மை அழிந்து லேபிள் போன செடிக்கும் பட்டா இல்லாத மனைக்கும் ஒரே மதிப்புதான்: பார்க்க நன்றாக இருக்கும், கைமாற்ற முடியாது.

சென்னையில் மடிப்பாக்கம், குரோம்பேட்டை, அம்பத்தூர் பக்கம் அண்ணாந்து பார்த்தால் பச்சை நிழல்வலை கட்டிய மொட்டை மாடி தட்டுப்படும். தக்காளி, கத்தரி இருக்கும் என்று நினைத்து விதை கேட்கப் போய்விடக் கூடாது. காய்கறி போடுகிறவர்களிடம் அவருக்கு விரோதம் எதுவும் இல்லை. "நல்ல காரியம், பண்ணுங்க" என்பார், பால்வாடிக் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில். அவர் மாடியில் தின்னக்கூடியது எதுவும் கிடையாது. அங்கே இருப்பது அடீனியம். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் பிறந்தது, அரளிக் குடும்பம், அம்பு நுனியில் தடவுகிற அளவுக்குப் பாலில் நஞ்சு. பூவுக்காக அதை வளர்க்கிறவன் கற்றுக்குட்டி. அடித்தண்டு பருக்க வேண்டும். தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் வேரைக் கொஞ்சம் மேலே தூக்கி நட, அது உருண்டு திரண்டு தொப்பை வைக்கும். தன் தொப்பையைக் குறைக்க டாக்டர் சொன்ன நடைப்பயிற்சிக்கு அவருக்கு நேரமில்லாமல் போனதற்கு இந்தத் தொப்பைகள்தாம் காரணம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஊரெல்லாம் மழையைப் பார்த்து பஜ்ஜி போடும்போது, இவர் குடையோடு மாடியில் நின்று ஒவ்வொரு அடித்தண்டாக அழுத்திப் பார்ப்பார். அழுங்கினால் அழுகல். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று, அவர் வீட்டுக் கட்டில்களில் தொட்டிகள் படுத்தன, மனிதர்கள் ஹாலில் படுத்தார்கள். மாமியாரின் கட்டில் மட்டும் தப்பியது. அந்த அம்மாள் எழுந்திருக்க மறுத்துவிட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இவர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கலைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் மாடிக்கு இன்னொருவர் வருவார். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." சும்மா வந்தவர் கையில் மஞ்சப்பை இருக்கும். எந்தச் செடி மேல் கண்ணோ, அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "அடடா, குரோட்டன்ஸ் என்னமா வந்திருக்கு!" என்பார். ஒரு சேகரிப்பாளர் குரோட்டன்ஸைப் புகழ்கிறார் என்றாலே வேறு எதற்கோ அடிபோடுகிறார் என்று வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும். காபி வரும், மழை பற்றிப் பேச்சு வரும், கோகோபீட் விலை வரும். செருப்பு மாட்டும்போதுதான் விஷயம் வரும்.

"அந்த மூலையில தொங்குதே... அதுல கணு இருக்கா சார்?"

"இருக்கு. ஆனா செடி இன்னும் செட்டில் ஆகல."

கொடுப்பதாக இல்லை என்று அர்த்தம். "வேர் புடிச்சதும் முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொன்னால், இதே உறுதிமொழியை வாங்கிக்கொண்டு ஏற்கெனவே நாலு பேர் படியிறங்கிப் போயிருக்கிறார்கள். "அதுக்கென்ன, எடுத்துக்குங்க" என்று கேட்டவுடன் வெட்டிக் கொடுத்தால்தான் பயப்பட வேண்டும். ஒன்று, அதில் பூச்சி இருக்கும். இல்லாவிட்டால் போன வாரம் அதன் விலை விழுந்திருக்கும்.

புதிதாக வந்து சேர்கிறவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது காம்போடு கூடிய ஒற்றை இலை. தண்ணீரில் வைப்பார், வேர் விடும், ஊர் முழுக்கப் படம் அனுப்புவார். மாதங்கள் போகும். இலை, இலையாகவே இருக்கும். கணு இல்லாத இலை, இந்தக் கொடி வகைகளில், வேர் விடுமே தவிரத் துளிர் விடாது. காதலர் தினத்துக்கு இதய வடிவ இலை ஒன்றைக் குட்டித் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, ஹோயா கெர்ரி, அதிலும் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வருடக்கணக்கில் பச்சையாக நிற்கும், அடுத்த இலை மட்டும் வராது. வாங்கிக் கொடுத்த காதலுக்கு அதைவிட ஆயுள் குறைவு என்பதால் யாரும் கடைக்காரரிடம் புகார் சொல்லப் போவதில்லை.

வெளியூர்ச் செடிகள் பார்சலில் வரும். கலிம்போங்கிலிருந்து கள்ளி, ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து கன்று, கேரளத்திலிருந்து கொடி. திங்கட்கிழமை அனுப்பினால்தான் ஞாயிறன்று கிடங்கில் கிடந்து வேகாது. மண்ணை உதறி, வேரை ஈரப் பாசியில் சுற்றி, அதைச் செய்தித்தாளில் சுற்றி, பெட்டியின் நாலு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். பெட்டி தவறாமல் தலைகீழாக வந்து சேரும். பிரிக்கும்போது ஆரம்பம் முதல் கடைசிவரை வெட்டாமல் எடுத்த வீடியோ இருந்தால்தான் செத்த செடிக்கு மாற்றுச் செடி கிடைக்கும் என்பது இவர்களுக்குள் எழுதாத சட்டம். ஆகவே சமையலறையிலிருந்து மனைவி வரவழைக்கப்படுவார்.

"கொஞ்சம் இந்த போனைப் புடி."

"குக்கர் ரெண்டு விசில் ஆயிடுச்சுங்க."

"விசில் வந்தா வரட்டும், வீடியோ நிக்கக் கூடாது."

தமிழ்நாட்டுச் செடி வழக்குகளின் சாட்சியங்களில் குக்கர் சத்தம் கேட்காதவை அபூர்வம்.

தாய்லாந்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பும் மைத்துனரின் பெட்டியில் ஈரத்துணி எதற்கு என்ற கேள்விக்கு நான் போக விரும்பவில்லை. ஆனால் அந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும், கிளம்புகிற நாட்டின் நோயில்லாச் சான்றும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை சொல்வது வெறும் காகிதக் கெடுபிடி அல்ல. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் பார்க்க அழகாக இருக்கிறதே என்று யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்தவைதாம். ஒன்று முதுமலைக் காட்டை அடைத்துக்கொண்டது, இன்னொன்று நம் ஏரிகளை. அவற்றையும் முதலில் யாராவது "உங்களுக்குத்தான் முதல்ல" என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள்.

இத்தனை பாடும் எதற்கு? பெரும்பாலும் ஒரு வெள்ளைத் திட்டுக்கு. இலையில் பச்சையம் இல்லாத இடம்தான் அது. செடிக்குச் சோறு ஆக்கத் தெரியாத பகுதி. பாதி இலை வெள்ளையானால் விலை ஏறும், முழுச் செடியும் வெள்ளையானால் பட்டினியில் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் சந்தோஷம் இருக்கிறது. சில சமயம் செடிக்கே புத்தி வந்து முழுப் பச்சையாகத் துளிர்க்கும். நல்ல ஆரோக்கியம். அன்று வீட்டில் துக்கம். பச்சைக் கிளையைக் கண்ணீரோடு வெட்டி எறிவார்.

நோய்க்கு விலை வைப்பது புதிதில்லை என்று அவருக்கு ஆறுதலாக ஹாலந்துக் கதையைச் சொன்னேன். 1630-களில் அங்கே ஒரு துலிப் கிழங்குக்கு வீடு வாங்கும் பணத்தைக் கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் சந்தை கவிழ்ந்தது. அந்தப் பூக்களில் தீக்கொழுந்தாக ஓடிய கோடுகளுக்குக் காரணம் அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரியவந்தது. முழுதும் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த வைரஸ் இப்ப எங்கயாவது கிடைக்குமா சார்?" என்றார்.

இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து செடி சாவதில்லை. செழிப்பதுதான். யாரிடமும் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து, உயிர்ப்பித்து, கணுக் கணுவாக நறுக்கிப் பெருக்கினால், அதே கையோடு அதன் மதிப்பையும் நறுக்கிவிடுகிறார். மீதியை ஆய்வகங்கள் திசு வளர்ப்பில் செய்து முடித்துவிடும். மான்ஸ்டெரா தாய் கான்ஸ்டலேஷனுக்கு அதுதான் நடந்தது. பிங்க் காங்கோ கதை வேறு: ரசாயனத்தால் இளஞ்சிவப்பாக்கி விற்றார்கள், சில மாதங்களில் புது இலையெல்லாம் பச்சை; சாயம் வெளுத்தது.

அவர் ஃபிலோடென்ட்ரான் பிங்க் பிரின்சஸ் வாங்கியபோது விலையில் ஒரு சைபரைக் குறைத்து வீட்டில் சொன்னார். கொஞ்ச காலம் கழித்து மேடவாக்கம் சாலையோர நர்சரியில் அது வரிசையாக நின்றது. அவர் மனைவி விலையை விசாரித்துவிட்டு வந்து, "நீங்க அன்னைக்கு வாங்கின அதே விலைதான் சொல்றான். பரவாயில்ல, ஏமாறாமத்தான் வாங்கியிருக்கீங்க" என்றார். அவரால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இப்போது அந்தச் செடி கீழே மோட்டார் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. "அதுவா, அது எல்லார்கிட்டயும் இருக்கே" என்கிறார்.

ஆனாலும் அவரைக் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். செடியைக் காப்பாற்ற ஒரே வழி அதை இன்னொருவருக்குக் கொடுத்து வைப்பதுதான் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும். என் மாடியில் செத்தால் உன் மாடியில் இருக்கும். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்: யாரிடம் எது, எந்தத் தேதியில் கொடுத்தது. பாங்கில் போட்ட டெபாசிட்டுகளுக்கு அப்படி ஒரு நோட்டு கிடையாது.

அந்த நோட்டைச் சமீபத்தில் புரட்ட வேண்டி வந்தது. பீங்கான் தொட்டியில் வைத்து அவர் பொத்திப் பொத்தி வளர்த்த காரலூமா ஒன்று இருந்தது. நாலுபட்டைத் தண்டு, நுனியில் சின்னச் சின்னக் கருஞ்சிவப்புப் பூ. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமியார் வெயில் காய மாடிக்கு ஏறியவர், அதை நுனியோடு ஒடித்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"கள்ளிமுளையான் மாப்பிள்ளை. ஆடு மேய்க்கப் போனா இதைத்தான் கடிச்சுக்கிட்டுத் திரிவோம். தொவையல் அரைச்சாலும் நல்லாருக்கும். மாடி பூரா தேடி, திங்கிற மாதிரி இது ஒண்ணுதான் வச்சிருக்கீங்க."

தொட்டியில் கட்டைவிரல் அளவுதான் மிச்சம். உடனே அம்பத்தூர் நண்பருக்குப் போன் போட்டார். இதே செடியில் ஒரு துண்டு அவருக்குக் கொடுத்தது நோட்டில் இருக்கிறது.

"கொஞ்சம் இன்னும் செட்டில் ஆகல சார்" என்று பதில் வந்தது.

மருமகன் முகம் வாடியதைக் கண்டு மாமியாருக்கு மனசு பொறுக்கவில்லை. "இதுக்குப் போயா? நம்ம ஊர்க் கரட்டுல முள்ளுப் புதருக்கு அடியில எல்லாம் கிடக்கு. சின்னவன்கிட்ட சொன்னா பஸ்ஸுல ஒரு சாக்கு போட்டு அனுப்புவான்."

"ஒரு சாக்கா?" அவருக்குக் குரல் நடுங்கியது. "வேணாம் அத்தை. இந்த விஷயத்தை நீங்க யார்கிட்டயும் சொல்லவே வேணாம்."

மாடிப்படி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"அத்தை, அந்தக் கரட்டுல, எங்கயாவது ஒண்ணு ரெண்டு, வெள்ளைக் கோடு விழுந்த மாதிரி பாத்திருக்கீங்களா?"