பேயால் வாழ்ந்தார்கள்

தமிழில் சுயேச்சையாகப் பேய்ப்படம் எடுக்க வருபவருக்கு முதல் உதவி பேய்தான். பேய்க்குக் கால்ஷீட் வேண்டாம், கேரவன் வேண்டாம், ஆடியோ வெளியீட்டில் முன்வரிசை நாற்காலியும் வேண்டாம். ஒரு பாழடைந்த பங்களாவும் அடிக்கடி அணையும் விளக்கும் போதும். மிச்சத்தை ஒலிப்பதிவாளர் பார்த்துக்கொள்வார்.

'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியில் தேறிய கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா'வைச் சிறு செலவில் எடுத்தார். கடைசியில் அந்தப் பேயே பொய்யென்று தெரியும். ஆனால் வசூல் பொய்யில்லை. 2019இல் அவர் 'பேட்ட'யில் ரஜினியை இயக்கினார்.

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னிதி முன் உள்ள சக்கரக் குழியில் அமர்ந்தால் பிடித்தது விலகும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கோடம்பாக்கத்தில் எவரும் அந்தப் பக்கம் பேருந்து ஏறுவதாகத் தெரியவில்லை. பேய் விலகினால் தயாரிப்பாளரும் விலகிவிடுவார் அல்லவா?

2007இல் 'முனி'யில் ராகவா லாரன்ஸைப் பிடித்தது, 'காஞ்சனா' என்று பெயர் மாற்றிக்கொண்டு 2019 வரை இறங்கவில்லை. சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014இல் கட்டியது. 2024க்குள் நான்கு மாடி. இவர்கள் சுயேச்சைக்காரர்கள் அல்லர், பேய்க்கு நகைச்சுவைப் பயிற்சி அளித்தவர்கள்.

அஜய் ஞானமுத்துவின் கதை வேறு. சென்னை ஆழ்வார்பேட்டையில் ஏற்கெனவே பேய்ப் புகழ் பெற்றிருந்த தெருவைத் தலைப்பாக்கி, 2015இல் 'டிமான்ட்டி காலனி'யுடன் அறிமுகமானார். பிறகு நட்சத்திரங்கள், வெளிநாட்டுப் படப்பிடிப்பு. விக்ரம் பல வேடமிட்ட 'கோப்ரா' 2022இல் வந்த வேகத்தில் போனது. 2024இல் 'டிமான்ட்டி காலனி 2' வெளியானது. பேய் பழைய சம்பளத்துக்கே சம்மதித்திருக்கும்.