வேரில் பிடிப்பில்லை

எங்கள் அப்பாவின் சவர பிரஷ் கும்பகோணத்துக் கடைத்தெருவில் வாங்கியது. சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் மேல் வெளுத்த மஞ்சள் நிறத்தில் பன்றி முடி. சீப்பு, ரிப்பன், பல்பொடி விற்கும் கடையில் ஒரு அட்டையில் வரிசையாக மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

செவ்வாய், வெள்ளி, அமாவாசை, ஜென்ம நட்சத்திரம் எல்லாம் போக மற்ற நாட்களில்தான் அப்பா முகத்துக்குச் சோப்பு போடுவார். கிணற்றடிச் சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, அலுமினியக் கிண்ணத்தில் வெந்நீர், வட்டமான ஷேவிங் சோப்பு, பாரத் பிளேடு. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் ஊறப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் இந்து பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்து முடிப்பார். பன்றி முடி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், ஊறினால்தான் வளையும். அப்பாவுக்கு அது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. முடிந்ததும் பிரஷ்ஷை அலசி, மூன்று முறை உதறி, சன்னல் கம்பியில் தலைகீழாகச் செருகி வைப்பார். தேய்ந்த பிளேடு பென்சில் சீவ எங்களுக்கும், தையல் பிரிக்க அம்மாவுக்கும் போகும்.

எனக்கு மீசை அரும்பியபோது அந்த பிரஷ்ஷைத்தான் கொடுத்தார். "அமுக்காதடா. நுனியால தடவு, நுரை தானா வரும்" என்பது அவர் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். அப்போதே அதற்கு வயது ஆகியிருந்தது. ஆனால் நுனி பூப்போல இருந்தது. பன்றி முடியின் இயல்பு அப்படி. புதிதில் கன்னத்தைக் கீறும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டாக மூன்றாகப் பிளக்கும். பிளக்கப் பிளக்க மென்மை கூடும். வாங்கிய அன்றைக்கு மோசமாக இருந்து, பழகப் பழக நன்றாகிற பொருள் வீட்டில் எத்தனை இருக்கும்? கைப்பிடியின் சிவப்பு வெளிறி ரோஸ் நிறமாகி, அடியில் கீறல் விழுந்து, கடைசியில் விரிசல் கண்டபோதுதான் அதைத் தூக்கிப் போட்டோம். முடி அப்போதும் அப்படியே இருந்தது.

வேலைக்குப் போன காலத்தில் நான் பிரஷ் பிடிக்கவில்லை. காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். டப்பாவை அமுக்கினால் நுரை வந்தது. ஓய்வு பெற்ற பிறகு காலை நேரம் என்னுடையது ஆனது. சவரத்தை அப்பா செய்தது போல நிதானமாகச் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். இந்த முறை நல்ல பிரஷ்ஷாக இருக்கட்டும் என்று 6,000 ரூபாய் கொடுத்து பேட்ஜர் முடி பிரஷ் ஒன்றை வரவழைத்தேன். பேட்ஜர் என்பது நம் பக்கத்துத் தேன்வளைக்கரடியின் உறவுக்கார விலங்கு. முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு, மண்ணில் வளை தோண்டி வாழ்வது.

பேட்ஜர் முடியில் தரங்கள் உண்டு. ப்யூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று மேலே ஏறிக்கொண்டே போகும். எந்த அளவு முடிக்கு எந்தப் பெயர் என்று பொதுவான விதி கிடையாது. ஒருவர் பெஸ்ட் என்பதை இன்னொருவர் சூப்பர் என்பார். ஆனால் எல்லாப் பெயரும் நுனியைப் பற்றியவை. நுனி எவ்வளவு வெள்ளை, எவ்வளவு மெல்லியது, நடுவில் கறுப்புப் பட்டை எவ்வளவு தெளிவு என்பதுதான் தரம், அதுதான் விலை. என்னுடையது சில்வர்டிப்.

முதல் சவரத்தைப் பற்றி நல்லதைச் சொல்லியாக வேண்டும். நனைந்த விலங்கின் வாடை கொஞ்சம் அடித்தது. புது பேட்ஜர் பிரஷ் எல்லாவற்றிலும் இருக்கும், சில நாளில் போய்விடும். வாடையைத் தாண்டி, அப்படி ஒரு நுரையை நான் பார்த்ததில்லை. எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், சோப்பு சுலபத்தில் நுரைக்காது. அதிலேயே தயிர் ஆடைபோல் கெட்டியாக எழுந்தது. வெந்நீரின் சூட்டை முடிக்கற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. இத்தனை பேர் இதற்கு ஏன் பணம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

நுரையை வழித்தபோது பிளேடில் ஒரு முடி இருந்தது. நீளமாக, அடி வெள்ளை, நடுவில் கறுப்பு, நுனி வெள்ளை. அடுத்து உதட்டோரம் ஒன்று. வாஷ் பேசினில் மூன்று நான்கு.

புது பிரஷ் கொஞ்சம் உதிர்க்கும். அது குறையில்லை. கட்டும்போது நடுவில் சிக்கிக்கொண்ட குட்டை முடிகள் சில அடிப் பசையைத் தொட்டிருக்காது. அவை முதல் சில வாரங்களில் வெளியே வந்துவிடும். அகலப் பல் சீப்பால் இலேசாக வாரிவிட்டால் சீக்கிரம் வந்துவிடும் என்பார்கள். வாரினேன். கொதிநீர் பசையை இளக்கும் என்பதால் வெதுவெதுப்பாகவே எடுத்தேன். அமுக்கவில்லை, நுனியால்தான் தடவினேன். மாதங்கள் போயும் நிற்கவில்லை. நடுவில் விரலை விட்டுப் பார்த்தால் கற்றை இளைத்திருந்தது தெரிந்தது.

உதிர்ந்த முடிகளை ஒரு வெள்ளைத்தாளில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். முடி பாதியில் ஒடிந்து விழுந்தால் அது பிடிப்பவர் கையின் முரட்டுத்தனம், அல்லது முடி உளுத்துப் போனது. என் தாளில் இருந்தவை எல்லாம் முழு நீளம். அடி நுனியில் பசையின் சுவடு இல்லை. வேரோடு வந்திருந்தன.

இந்த பிரஷ்ஷை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் இதன் வருத்தம் இன்னும் கூடும். விலங்கின் முடியை நீளவாரியாகப் பிரித்து, வாரி, தலைகீழாகத் திரும்பிய முடிகளையும் மட்டமானவற்றையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். எடை பார்த்த ஒரு பிடி முடியை, நுனி கீழே இருக்கும்படி, குழிந்த கிண்ண அச்சில் தட்டித் தட்டி இறக்குவார்கள். குழியின் வடிவம் நுனிக்கு வரும். நல்ல பிரஷ்ஷின் வட்டத் தலை கத்தரியால் வெட்டியதில்லை. வெட்டினால் இயற்கையான கூர் நுனி போய்க் குத்தும். பிறகு அடியை நூலால் இறுக்கிச் சுற்றி, பசையில் தோய்த்து, இறுகியதும் கைப்பிடியின் குழியில் ஒட்டுவார்கள். 24 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இவ்வளவு கைவேலை. இத்தனையும் கடைசியில் நிற்பது அந்தப் பசையில்தான். பசை தண்ணியாக, நிதானமாக நடுமுடி வரைக்கும் ஊறி இறங்க வேண்டும். அவசரத்தில் கெட்டிப் பசையில் முக்கி எடுத்தால் ஓரத்து முடிகள் மட்டும் ஒட்டும். நடுவில் உள்ளவை நூலின் இறுக்கத்தில் சும்மா நிற்கும். இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. விலை கூடக் கூட முடியை அடர்த்தியாகக் கட்டுவார்கள். அடர்த்தி கூடக் கூடப் பசை நடுவுக்கு இறங்குவது கடினம். ஆக, அதிகப் பணம் கொடுத்தவனின் பிரஷ்ஷுக்குத்தான் வேர்வேலை அதிகக் கவனமாக நடந்திருக்க வேண்டும்.

எங்கள் தெரு முனை சலூன்காரரிடம் பிரஷ்ஷைக் கொண்டுபோய்க் காட்டினேன். முடியை விரித்து அடியைப் பார்த்தார். "முடி அருமையான முடி சார். கட்டுனவன் சரியாக் கட்டல" என்றார். அவர் கையில் இருந்தது ஒரு நூறு ரூபாய் சமாச்சாரம். நைலான் இழை, நுனியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நாள் முழுவதும் எத்தனை முகம் பார்க்கிறது! "இது வளைஞ்சு போகும், தேஞ்சு போகும். ஆனா கொட்டக் கூடாது சார். நுரையோட முடியும் சேந்து ஆள் வாய்க்குள்ள போச்சுன்னா, அடுத்த தடவ எதிர்க்கடைக்குப் போயிருவாரு." தொழில் செய்கிறவருக்கு ஒரு பிரஷ்ஷின் முதல் இலக்கணம் அது.

பேசினில் கிடக்கும் ஒவ்வொரு முடியும் எனக்கு இன்னொரு விதத்திலும் உறுத்துகிறது. என் பிரஷ்ஷின் பெட்டியில் அச்சிட்டிருப்பது இங்கிலாந்துப் பெயர். இங்கிலாந்திலோ அனுமதியில்லாமல் பேட்ஜரைத் தொடக் கூடாது. 1973இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1992இல் அதை இன்னும் இறுக்கினார்கள். உலகச் சந்தையில் இருக்கும் பேட்ஜர் முடியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து போவது. அங்கே இந்த விலங்குகளைக் கூண்டில் அடைத்து வளர்த்துக் கொல்லும் விதத்தை 2018இல் பீட்டா அமைப்பு படம் பிடித்து வெளியிட்டது. அதன் பிறகு சில பெரிய நிறுவனங்கள் பேட்ஜர் முடியையே கைவிட்டன. நம் நாட்டுக்கும் இதில் பேசத் தகுதி குறைவுதான். ஓவியர்களின் தூரிகைக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. சட்டம் தடுத்தும் ஓயாத அந்த வியாபாரத்தைப் பிடிக்க வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 2019இல் தனியாக ஒரு வேட்டையே நடத்த வேண்டியிருந்தது. ஒரு உயிரைக் கொன்று எடுத்த முடி. அதைப் பொறுக்கி, வாரி, அச்சில் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அது சாக்கடைக்குப் போகிறது, ஒரு துளிப் பசை சரியாக இறங்காததால். அப்பாவின் பன்றி முடி அத்தனை ஆண்டு உழைத்தது. அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது.

பேட்ஜர் என்ற பெயருக்கு இருக்கும் மவுசு புதிதில்லை. அதற்காக ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். சவரம் வீடு வீடாகப் பரவியது ஜில்லெட் ரேசருக்குப் பிறகு. 1903இல் 51 ரேசரில் தொடங்கிய விற்பனை அது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் சிப்பாய்கள் தாடியில்லாமல் இருக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கப் படைக்கு ஜில்லெட் 35 லட்சம் ரேசர்கள் கொடுத்தது. ரேசர் போன இடமெல்லாம் பிரஷ்ஷும் போக வேண்டும். போருக்கு முன் ஆசியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த முடி ஜெர்மனி வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்தது. போர் அந்த வழியை அடைத்தது. முடி சுத்தம் செய்யாமல் நேராகவே வந்து இறங்கியது. குதிரை முடியை வெளுத்து, சாயம் தோய்த்து, பேட்ஜர் போலக் காட்டி விற்றார்கள். அதில் ஆந்த்ராக்ஸ் இருந்தது. நம் மாட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோய். கன்னத்தில் பிளேடு கீறிய இடம் வழியாக உள்ளே போனது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 200க்கு மேற்பட்டவர்களுக்கு சவர பிரஷ்ஷால் அந்த நோய் வந்ததாகக் கணக்கு இருக்கிறது. பன்றி முடியைப் பன்றி முடி என்றே விற்ற பிரஷ்ஷில் இந்த ஏமாற்றுக்கு இடமில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவின் நியூவார்க் நகரத்தில் ரப்பர்செட் என்ற நிறுவனம் இருந்தது. முடியின் வேரைக் கெட்டி ரப்பருக்குள் இறுக்கிப் பிடிக்க வைப்பதுதான் அவர்கள் தொழில்நுட்பம். கம்பெனிக்குப் பெயரும் அதுவே. உதிராது என்பதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்தார்கள், விற்றார்கள். நூறு வருடத்துக்கு முன் வேரைக் காட்டி விற்ற பொருளை இன்றைக்கு நுனியைக் காட்டி விற்கிறார்கள். இடையில் பசை எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. இப்போது பயன்படுத்தும் எபாக்ஸியை ஒழுங்காக இறக்கினால் ரப்பரைவிட நன்றாகவே பிடிக்கும். பொருள் இருக்கிறது, வித்தை இருக்கிறது. ஒரு பிரஷ்ஷுக்கு இன்னும் சில நிமிடம் கொடுக்க மனம் இல்லை.

விற்றவர்களுக்கு எழுதினேன். இயற்கை முடி என்றால் உதிர்வதும் இயற்கை என்று பதில் வந்தது. எந்தப் பசை, எவ்வளவு ஆழம் என்று கேட்டு மறுபடி எழுதினேன். முடியின் நுனியைப் பற்றி இரண்டு பத்தி வந்தது.

இப்போது நான் சவரம் செய்வது செயற்கை இழை பிரஷ்ஷில். சலூன் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. நைலான் என்றதும் நினைவுக்கு வரும் பழைய முள் முள்ளான இழை இல்லை இது. நுனியைக் கூராக்கிய மெல்லிய இழை. ஊறப் போட வேண்டாம். ஐப்பசி மழையிலும் மறுநாளுக்குள் காய்ந்துவிடுகிறது, பூஞ்சை பிடிப்பதில்லை. பேட்ஜர் தந்த கதகதப்பு இதில் முக்கால்வாசிதான் இருக்கிறது. அந்தக் கால்வாசிக்காக இன்னொரு விலங்கின் முடியை நான் வாங்கப் போவதில்லை.

வெள்ளைத்தாளில் சேர்த்த முடிகளை மடித்து உறையில் போட்டு, மூன்றாவது கடிதத்தோடு அந்த நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. முடியின் தரத்தை அச்சிடும் பெட்டியில், அது எதில் ஒட்டப்பட்டிருக்கிறது, உதிர்ந்தால் எத்தனை வருடத்துக்குள் மாற்றிக் கொடுப்பார்கள் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து அச்சிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.