நானூற்றிரண்டு

ஊருக்குள் அவனுக்கு 'நானூற்றிரண்டு' என்று பெயர். தமிழ்ப் படம் பார்த்தே தலை நரைத்த பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னை வழியில் மறித்தார். "சேர், நானூற்றியிருவதெண்டா எனக்குத் தெரியும். இவன் அதில பதினெட்டுக் குறைவு. அப்ப களவும் அந்தளவுக்குக் குறைவோ?"

களவே இல்லை ஐயா, அது மீற்றர் கணக்கு என்றேன். கால் மைல், அதாவது 1320 அடி. மீற்றரில் 402ம் கொஞ்சமும். இரண்டு வாகனங்கள் பக்கம் பக்கமாக நின்று, நின்ற நிலையிலிருந்து கிளம்பி, அந்தத் தூரத்தை நேர்கோட்டில் ஓடித் தீர்ப்பதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். வளைவு கிடையாது, சுற்றுக் கிடையாது. இவனுடைய 150 சீசீ மோட்டார்சைக்கிளுக்கு எல்லாம் சரியாக அமைந்தால் பதினெட்டுச் செக்கன் பிடிக்கும்.

"ஓ... குறைஞ்ச பதினெட்டு அங்கயா போய்க் கிடக்கு" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு நடந்தார்.

மட்டக்களப்பு எழுவான்கரையில் ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருப்பார்கள். அடையாளம் சுலபம். செத்த வீட்டில் எல்லோரும் தலை குனிந்திருக்க, றோட்டால் போகும் பைக்கின் சத்தத்துக்கு இவர் மட்டும் நிமிர்வார். "டப்பட் அடிக்குது" என்று பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் சொல்வார். தேத்தண்ணிக் கடையில் இடது கை கிளாசைப் பிடித்திருக்கும். வலது கை வெறும் காற்றை முறுக்கிக்கொண்டிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய தமையனின் பைக்கைப் பார்த்துவிட்டு வந்தவரும் உண்டு. (அந்தக் கலியாணம் நடந்தது. பைக்கும் சேர்ந்தே வந்தது.)

நிலமும் அவர்களுக்கு ஒத்தாசை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் நாடா விரித்ததுபோல ஒரு துண்டு நிலம். அதன் நெடுக்கே, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் எல்லாம் சுற்றி மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி. எங்கள் களுதாவளையில் பிறந்தவன் வட்டமாக ஓடிப் பழக நினைத்தாலும் இடம் போதாது. ஆனால் என் தலைமுறையில் இந்த இனம் முளைக்கவேயில்லை. சென்றிக்குச் சென்றி இறங்கி, மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறிய சண்டைக் காலம் அது. விரைவாகப் போகிறவனிடம் எதற்காக விரைகிறாய் என்று இரண்டு தரப்பும் கேட்கும். அந்த நாட்களில் ஊருக்குள் மூன்றாவது கியரைப் போட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணலாம். சண்டை ஓய்ந்து, றோட்டுக்குக் காபெட் விழுந்து, அதன் மேல்தான் இவர்கள் முளைத்தார்கள்.

நானூற்றிரண்டு என்னிடம் கணிதம் படித்தவன். தசமப் புள்ளியைக் கண்டால் கொப்பியில் பூச்சி இருந்துவிட்டது என்று தட்டிவிடுகிற பிள்ளை. இன்று அவன் வாயிலிருந்து மூன்று தசமதானத்துக்குக் குறைந்து ஓர் எண் வராது. நான் பத்து வருடம் கரும்பலகையில் கத்தியும் நடக்காததை ஒரு துண்டுக் கடதாசி செய்துவிட்டது.

அந்தக் கடதாசி அவன் வீட்டு முன்னறையில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், லமினேட் செய்து தொங்குகிறது. லண்டனில் இருக்கும் மச்சான் அனுப்பியது. அங்கே சாண்டா பொட் என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய பொடிங்டன் ஓடுபாதை, 1966 முதல் டிராக் ரேஸ் திடல். குறித்த நாட்களில் யாரும் தன் சொந்த வாகனத்தோடு போய், காசு கட்டி, ஓடிப் பார்க்கலாம். மச்சான் பின் சீற்றில் குழந்தை நாற்காலியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக் காரில் ஓடியிருக்கிறார். ஓடி முடித்தால் ஒரு சீட்டுத் தருவார்கள். பச்சை விளக்குக்குக் கிளம்ப எடுத்த நேரம், முதல் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, கடைசியில் கால் மைல் முழுவதும், அப்போதைய வேகம். மச்சானுக்கு 17.864. வீட்டுக்கு வரும் எவரும் தேத்தண்ணி வருவதற்கு முன்னம் இந்தச் சீட்டைப் படித்து முடிக்கவேண்டும். "இஞ்ச பாருங்க சேர், மச்சான் அறுவது அடியிலயே கோட்டை விட்டிட்டார்" என்று, ஏதோ காணி வழக்கில் தோற்றதுபோல, ஒவ்வொரு தடவையும் வருந்துவான்.

இவர்களோடு பழகியதில் எனக்கும் ஒன்று தெரிய வந்தது. சாண்டா பொட் மட்டுமல்ல. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை பிரிட்டிஷ் கடற்படை விமானங்களுக்குப் போட்ட பாதை. ஒரு காலத்தில் சென்னைக்காரர் காரும் பைக்கும் ஓட்டிய சோழவரமும் போர்க்கால ஓடுபாதை. விமானங்கள் போனபிறகு சும்மா கிடந்த நேர்கோடுகளைப் பொடியன்மார் எடுத்துக்கொண்டார்கள். இப்போது சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இந்திய தேசிய டிராக் போட்டிகள் நடக்கின்றன. அங்கே பெங்களூர் ஹேமந்த் முத்தப்பா மறுபடி மறுபடி வெல்வதை இவன் தன் சொந்தத் தம்பி சோதனை பாஸ் பண்ணியதுபோலச் சொல்லித் திரிவான்.

இரசிகர் என்றால் வெறும் இரசிகர் இல்லை. ஒருநாள் காலை அவன் வீட்டில் அம்மம்மாவின் ஒப்பாரி கேட்டு அயலே ஓடியது. நானும் ஓடினேன். விசயம் இதுதான். இரவிரவாக போனில் பார்த்துக்கொண்டிருந்தவன், விடியப்புறம் தம்பிக்குச் சொல்லியிருக்கிறான்: "பெரியப்பாட கால் போயிட்டுதுடா. கியர்ப்பெட்டி வெடிச்சு பாதத்தில பாதி போயிட்டுது." மகிழூரில் இருக்கும் மூத்த மகளின் மாப்பிள்ளைதான் என்று கிழவி முடிவு கட்டிவிட்டார். அவன் சொன்ன பெரியப்பா அமெரிக்காவின் டொன் கார்லிற்ஸ். அங்கே அவரை 'பிக் டாடி' என்பார்கள். இவன் அதைப் பெரியப்பா ஆக்கிவிட்டான். கால் போனதும் 1970இல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே, எஞ்சினைக் காலுக்கு முன்னால் வைத்தால்தானே இந்தக் கதி, முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன என்று யோசித்து, அடுத்த வருடமே அப்படி ஒரு வாகனம் செய்து வென்று காட்டினார். பிறகு எல்லோரும் அவர் வழிக்கு வந்தார்கள். இதை விளக்கியதும் அம்மம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தாளுக்கு இப்ப சுகமா மனே?"

அதே அம்மம்மாதான் இன்னொரு நாள் என்னைக் கூப்பிட்டு, பேரன் வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று குசுகுசுத்தார். வளவுக்குள் கமுகமரத்தில் 'கிறிஸ்மஸ் மரம்' கட்டுகிறானாம். போய்ப் பார்த்தேன். டிராக் ரேஸில் கொடி அசைத்துத் தொடங்குவது பழைய காலம். 1963 முதல் விளக்குக் கம்பம். மூன்று மஞ்சள் அரைச் செக்கனுக்கு ஒன்றாக இறங்கும், பிறகு பச்சை. பச்சைக்கு முதல் அசைந்தால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது. அந்தக் கம்பத்துக்குத்தான் அங்கே அப்படிப் பெயர். இவன் கோயில் திருவிழாவில் மிஞ்சிய குமிழ்களைக் கேட்டு வாங்கி, பழைய ரேடியோ ஒன்றின் உதிரிகளைப் போட்டு, ஒரு கம்பம் செய்துவிட்டான். இரவில் மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை என்று அது எரிய, இவன் வீட்டுக் கதிரையில் இருந்தபடி கையை முறுக்கிப் பழகுவான். மழை பெய்தால் சிவப்பு மட்டும் எரியும்.

பாரம் குறைப்பது அடுத்த படி. கண்ணாடி இரண்டையும் கழற்றினான். சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றினான். ஸ்டாண்டைக் கழற்றியதால் பைக் எந்நேரமும் பூவரச மரத்தில் சாய்ந்து, யாருக்காகவோ காத்திருப்பதுபோல நிற்கும். கழற்றியதை எல்லாம் வெற்றிலை நிறுக்கும் தராசில் போட்டு 2 கிலோ 340 கிராம் என்று சுவரில் எழுதினான். மறுநாள் அதிகாலை, அதே பைக்கின் பின்னால் இரண்டு பெரிய வெற்றிலைக் கூடையைக் கட்டி, அவற்றுக்கு மேல் தகப்பனையும் ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போனான். எங்கள் ஊர் வெற்றிலைக்குப் பேர்போனது. அது எந்தப் பந்தயத்துக்காகவும் நிற்காது. தாய் இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் புட்டைக் கோப்பையில் போட்டபடி சொன்னார்: "கம்பியக் கழட்டினது போதும் மனே. நீ ரெண்டு அகப்பை குறைச்சுத் தின்."

2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் வந்தபோது இவனுக்குத் துக்கம் தாளவில்லை. மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதிலும் பாதி வெற்றிலைக்கு. அந்தக் காலத்தில்தான் அவன் எனக்கு 'டொப் பியூயல்' என்கிற உச்ச வகுப்பைப் பற்றிப் பாடம் எடுத்தான். அவற்றுக்கு எரிபொருள் நைத்திரோமெதேன். 11,000 குதிரை வலு, மணிக்கு 530 கிலோமீற்றர், நாலு செக்கனுக்குள் காரியம் முடியும், ஒரு தடவை ஓடி முடிக்க 50 லீற்றருக்குக் கிட்டப் போகும். எங்கள் கியூஆர் கணக்கில் மூன்று மாதப் பங்கு என்று நான் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. 4 லீற்றர் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வகுப்பு இப்போது கால் மைல் ஓடுவதுமில்லை. 2008இல் ஸ்கொட் காலிற்றா என்ற ஓட்டுநர் ஓட்ட முடிவில் நிற்க முடியாமல் போய் இறந்தபிறகு, நிற்க இடம் விடுவதற்காக 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். "அப்ப உன்ர பேர் முன்னூற்றைந்தெல்லோ?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு கதைக்கவில்லை.

ஏ4இல் அவன் ஓடமாட்டான். மாடு படுத்திருக்கும் என்பது ஒரு காரணம். தாய் இன்னொரு காரணம். 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அன்று மாலையே பைக் சாவி தாயின் சேலை முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டது. வெற்றிலைக்கு மட்டும் முடிச்சு அவிழும். ஒன்றரை வருடம் கெஞ்சி, என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சாட்சி வைத்து, அவன் ஓர் அனுமதி வாங்கினான். கடற்கரைப் பக்கம் போகும் கொங்கிறீற் ஒழுங்கை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, ஒரேயொரு ஓட்டம், இரண்டு முனையிலும் சிவப்புத் துணியோடு ஆள், வேலிப் பக்கம் ஒரு குஞ்சு குருமானும் நிற்கக்கூடாது. தூரத்தை அளந்தது தகப்பனின் சைக்கிளால்: சில்லு ஒரு தடவை சுற்றினால் 2.07 மீற்றர், 194 சுற்றும் கொஞ்சமும். பெருக்கிச் சரி பார்த்துக் கொடுத்தது நான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கணக்கில் பிழை இல்லை.

நேரம் குறிப்பதும் நான்தான். முடிவுக் கோட்டில் போனோடு நின்றேன். செட்டிபாளையத்திலிருந்து வரவேண்டிய எதிராளி வரவில்லை. முதல்நாள் சாமத்தியச் சடங்கு, ஆள் எழும்பவில்லையாம். சரி, தனியாகவே ஓடுவோம் என்று நானூற்றிரண்டு தலைக்கவசத்தை மாட்டி, சில்லுக்குத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிச் சூடாக்கி, புகை கிளப்பி, கோட்டுக்கு வந்து நின்றான். அந்த நேரம் பார்த்து, பேற்றோவனின் மெட்டை வாசித்துக்கொண்டு பாண் ஆட்டோ ஒழுங்கைக்குள் வந்தது. தடுக்கவேண்டிய சிவப்புத் துணிக்காரன் துணியைக் கக்கத்தில் செருகிவிட்டு மாலுபனிஸ் தெரிந்துகொண்டிருந்தான். ஆட்டோக்காரர் அவனிடம் காசை வாங்கிக்கொண்டு மெல்ல வந்து, குறுக்கே வெள்ளைக் கோடும் முன்னால் நானூற்றிரண்டு கொண்டுவந்து நட்டிருந்த விளக்குக் கம்பமும் இருப்பதைக் கண்டு, ஒழுங்கான மனிதர் என்றபடியால், பைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

பச்சை எரிந்தால் போகலாம் என்பது ஆட்டோக்காரருக்குத் தெரிந்த சட்டம். அவர் போனார். நானூற்றிரண்டு கிளச்சை விட்டான். ஒரு வெடிச் சத்தம். செயின் அறுந்து, சாரைப்பாம்புபோல ஒழுங்கையில் நெளிந்து கிடந்தது. எஞ்சின் மட்டும் 9000 சுற்றில் கத்திக்கொண்டு நின்ற இடத்தில் நின்றது.

ஆட்டோ பாதி வழியில் நின்றது. ஒரு படலையால் அம்மா ஒருவர் வந்து, அரை றாத்தல் பாண் வாங்கி, ஐந்நூறு ரூபாயை நீட்டி, மிச்சக் காசுக்குப் பேரம் நடந்து, திரும்பி நடந்தவர் மறுபடி வந்து ஒரு பனிசும் வாங்கினார். பிறகு அது ஆடிப்பாடிக்கொண்டு என்னைத் தாண்டியது. போனைப் பார்த்தேன்: 3 நிமிடம் 12 செக்கன். பின்னால் நானூற்றிரண்டு பைக்கை உருட்டிக்கொண்டு வந்து கோட்டைக் கடந்தான். பழைய சென்றிக் காலத்தைப் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

வந்தவன் அழுவான் என்று நினைத்தேன். தலைக்கவசத்தைக் கழற்றி, "ஆட்டோவ நிப்பாட்டுங்க சேர்" என்றான். பச்சைக்குப் பிறகு புறப்பட்டு முதலில் கோட்டைத் தாண்டியவர்தான் வெற்றி, நடுவில் பாண் விற்கக்கூடாது என்று விதியில் இல்லை என்றான். பனிஸ் பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, என் பேனையை வாங்கி, 402 மீற்றர், 3 நிமிடம் 12 செக்கன், திகதி எல்லாம் எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கி, இரண்டு கையாலும் நீட்டினான்.

ஆட்டோக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்டமா அண்ணன்? எங்க கட்டோணும்?"

இப்போது அந்தத் துண்டு அவருடைய முன்கண்ணாடியில், சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. பனிஸ் எண்ணெய் ஊறி, 3 என்பது 2 மாதிரித் தெரிகிறது. 2 நிமிடம் 12 செக்கன் என்று அவரும் ஊரெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார். பொய்ச் சாதனை நிற்கக்கூடாது, திருத்தி எழுதித் தருகிறேன் என்று நானூற்றிரண்டு புதுச் செயின் போட்ட பைக்கில் மூன்று நாளாக அந்த ஆட்டோவுக்குப் பின்னால் திரிகிறான். இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.