லைசென்ஸ் எதுவரை செல்லும்?

ஓசூரில் ஆறு நாள் ஷிப்ட். ஞாயிறன்று அஞ்செட்டிக் காட்டுக்குள் யானை போகும் தடத்தில் என் ஜீப்பும் போனால் என்ன? (ஒரு ஓசூர் வாசகர்)

யானைக்கு லைசென்ஸ் கொடுத்தது காடு. உங்களுக்குக் கொடுத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ். அது தார்ச் சாலையோடு சரி, காட்டுக்குள் செல்லாது!

அங்கே இருப்பது 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம். ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைக்கு வரும். உங்கள் இன்ஜின் சத்தத்தில் மிரண்ட கூட்டம் வயலுக்குள் பாய்ந்தால், எதிரே நிற்பவர் ராக்காவல் இருக்கும் விவசாயி. தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டி சாலையே அழகு. ஹாரன் அடிக்காமல் போய், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.