நாடிக்கு மேலை, நெத்திக்குக் கீழை

மோனை, நீ ரெலிபோனிலை காட்டின அந்த வீடியோவை நான் மூண்டு தரம் பாத்தனான். ஒருத்தன் இரும்புக் குழாயிலை ஏறி, பின்பக்கமாய்ச் சறுக்கி, ஆகாயத்திலை மூண்டு சுத்துச் சுத்தி, பாயிலை இருந்து எழும்பின மாதிரி ஆறுதலாய் வந்து நிக்கிறான். அவன் போட்டது 180 சென்ரிமீற்றர் ஸ்கீயாம். உனக்கும் அதேதான் வேணுமாம். வேண்டலாம் மோனை, காசு உன்ரை அப்பன்ரை தானே. ஆனால் அவன் போன வருசங்களிலை எத்தினை தரம் குப்புற விழுந்தவன் எண்டதை ஆரும் வீடியோவிலை போடேல்லை.

உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் அப்பப்பா எண்டு கேக்கிறாய். கேக்கத்தான் வேணும். 86ஆம் ஆண்டு நான் சுவிசுக்கு வந்த நேரம் என்னைக் கிராபுண்டன் மாநிலத்துக்கு அனுப்பிவிட்டாங்கள். ஒரு ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவிற வேலை. யன்னலாலை பாத்தால், சனம் காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு மலையிலை இருந்து விழுறதுக்குக் காசு கட்டி வரிசையிலை நிக்குது. எங்கடை ஊரிலை பனையாலை விழுந்தவன் பிறகுதான் முறிவுப் பரியாரிக்குக் காசு குடுப்பான். இஞ்சை விழ முதலே குடுக்கினம், முன்னேறின நாடெண்டால் இதுதானாக்கும் எண்டு நினைச்சன். பேந்து ஒரு வாடகைக் கடையின்ரை பட்டறையிலை 19 பனிக்காலம் ஸ்கீக்கு மெழுகு பூசினனான். நான் ஏறிச் சறுக்கினது இரண்டே இரண்டு தரம். அந்தக் கதையை அப்பாச்சியிட்டைக் கேள், அவ ஆசையாய்ச் சொல்லுவா.

நான் வந்த காலத்திலை நீளம் பாக்கிற விதி சுகம். கையை மேலை நீட்டு, மணிக்கட்டு வரைக்கும் வந்தால் அது உன்ரை ஸ்கீ. ஆம்பிளை எண்டால் இரண்டு மீற்றர். நீளம் கூடக் கூட மரியாதை கூடும். 90களிலை இடுப்புச் சிறுத்து, நுனி அகண்ட கார்விங் ஸ்கீ வந்துது, நீளம் மளமளவெண்டு இறங்கிச்சுது. மரியாதை மட்டும் இறங்கேல்லை. உன்ரை மாமன் இண்டைக்கும் இரண்டு மீற்றர்ச் சோடி ஒண்டைக் கெல்லரிலை சாத்தி வைச்சிருக்கிறான், வாற விருந்தாளியளுக்குக் காட்ட.

நீ கேக்கிறது பார்க் ஸ்கீ, அந்த வீடியோவிலை வாற மாதிரிக் குழாயும் மேடும் வைச்ச பனித்திடலிலை ஓட. அதுக்கு முன்னுக்கும் மூக்கு, பின்னுக்கும் மூக்கு. பின்பக்கமாய் ஏறவும் பின்பக்கமாய் இறங்கவும் வேணுமெண்டு வாலையும் வளைச்சு விட்டிருக்கு. கனடாவிலை மேடுகளிலை ஓடிற போட்டியின்ரை சட்டதிட்டத்திலை அலுத்துப்போன பெடியள் கொஞ்சப்பேர், மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர் எண்டவை, இப்பிடி ஒரு ஸ்கீ செய்து தாங்கோ எண்டு கேட்டு, 1998இலை சலமன் கொம்பனி 'டென் எய்ட்டி' எண்டு ஒண்டைச் சந்தைக்கு விட்டுது. பதினாறு வருசத்திலை, 2014 சோச்சி ஒலிம்பிக்கிலை இந்தக் கூத்துக்குப் பதக்கமே குடுத்தாங்கள். அதாலை இதை விசர் விளையாட்டு எண்டு நான் சொல்ல ஏலாது. மனதுக்குள்ளை நினைக்கலாம்.

இப்ப நீளம். நான் சின்னப் பெடியனாய் இருக்கேக்கை அப்புவின்ரை றலிச் சைக்கிளை எடுத்து, பாருக்குக் கீழாலை காலை விட்டு, இடுப்பைக் கோணிக்கொண்டு ஓடினனான். ஓட்டம் நல்ல ஓட்டம்தான். திருப்பவும் நிப்பாட்டவும்தான் தெரியேல்லை. கிடுகு வேலி நிப்பாட்டிச்சுது. 180 ஸ்கீயோடை நீ பார்க்குக்குப் போறதும் அதே றலிச் சைக்கிள்தான், என்ன, அங்கை கிடுகு வேலி இல்லை.

சுவரோடை நில். உன்ரை உயரம் 172. நாடி ஒரு 150இலை வரும், புருவம் 162இலை வரும். புதுசாய்ப் பழகிறவனுக்கு ஸ்கீ அதுக்குள்ளை எங்கையாவது நிக்க வேணும், கொஞ்சம் தெரிஞ்சவனுக்கு நெத்தி வரைக்கும். கட்டையாய் இருந்தால் ஆகாயத்திலை சுத்த லேசு, ஒரு கால் மற்றக் காலிலை கொழுவாது. ஆனால் மற்றக் கரையும் கேள். வால் வளைஞ்சு நிக்கிறதாலை, அதே நீளமுள்ள சாதாரண ஸ்கீயை விடப் பனியிலை தொடுற விளிம்பு இதுக்குக் குறைவு. மிச்சம் கட்டையாய் எடுத்தால், பாய்ஞ்சு இறங்கேக்கை கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சாலே பிட்டம் பனியிலைதான். பாரமும் பாக்க வேணும். நீ 58 கிலோ, அதிலை மூண்டு கிலோ தலைமயிர். உனக்கு நீண்ட ஸ்கீயை வளைக்கப் பலம் காணாது. பள்ளிக்கூட ஸ்கீ முகாமிலை நடுத்தரக் கஸ்டமான சிவப்புப் பாதையிலை இறங்கினனான் எண்டு சொல்லுறாய், அதாலை நாடிக் கணக்கை விட்டுட்டுப் புருவத்துக்கு வருவம்.

அகலம் காலுக்குக் கீழை 80 தொடக்கம் 90 மில்லிமீற்றர் போதும். நூறுக்கு மேலை போறது புதுப்பனியிலை மிதக்கிறவைக்கு. விறைப்புப் பாக்கிறதுக்குக் கடைக்காரன் சொல்லுற இலக்கத்தை நம்பாதே. ஸ்கீயை நட்டமாய் வைச்சு, நுனியை ஒரு கையாலை பிடிச்சு, மற்றக் கையாலை நடுவிலை அமத்திப் பார். அவிச்ச இடியப்பம் மாதிரித் தொங்கினால் பொக்ஸ் எண்டு பார்க்கிலை சறுக்கிற பெட்டியிலை விளையாட நல்லது, பெரிய பாய்ச்சலுக்குக் கூடாது. உலக்கை மாதிரி நிண்டால் அது உனக்கில்லை. இரண்டுக்கும் நடுவிலை வேண்டு.

சப்பாத்தை ஸ்கீயோடை பிடிக்கிற பைண்டிங்கைச் சரி நடுவிலை பூட்டச் சொல்லி உன்ரை சிநேகிதன் சொன்னவனாம். நாள் முழுக்கப் பின்பக்கமாய் ஓடிறவனுக்கு அது சரி. நடுவிலை நிண்டால் உனக்கு முன்னாலை பலகை குறைஞ்சுபோகும், வேகத்திலை முன்னுக்குக் கவிழப் பார்க்கும். ஒரு சென்ரிமீற்றர், இரண்டு சென்ரிமீற்றர் பின்னுக்குத் தள்ளிப் பூட்டு. துளை போட முதலே யோசி. போட்ட துளைக்குப் பக்கத்திலை இன்னொரு துளை போட இடமிராது, ஸ்கீயின்ரை நெஞ்சு மரம்தானே.

அதே சிநேகிதன்தான் பைண்டிங் கழராமல் இருக்க இலக்கத்தை முறுக்கி ஏத்தச் சொன்னவனோ? அவனை ஒருக்கா என்னட்டைக் கூட்டிக்கொண்டு வா. பைண்டிங் கழரத்தான் செய்து வைச்சிருக்கு. அது கழராட்டி உன்ரை முழங்கால் கழரும். உயரம், பாரம், வயது, சப்பாத்தின்ரை அடி நீளம், நீ எப்பிடி ஓடிறாய் எண்ட ஐஞ்சையும் வைச்சு அட்டவணை பாத்துப் பட்டறையிலை பூட்டுவினம். அங்கை உண்மையைச் சொல்லு. நான் வேலை செய்யேக்கை பொம்பிளையள் பாரத்தைக் குறைச்சுச் சொல்லுவினம், ஆம்பிளையள் கெட்டித்தனத்தைக் கூட்டிச் சொல்லுவினம், கலியாணப் பேச்சுக்கு வந்த மாதிரி.

சப்பாத்துக் கதைதான் பெரிய கதை. ஸ்கீயிலை பிழை விட்டால் ஒரு பனிக்காலம் போகும். சப்பாத்திலை பிழை விட்டால் முதல்நாள் மத்தியானமே வீட்டை வருவாய். உன்ரை அம்மா கடைக்கு வந்தால் 'வளருற பிள்ளை' எண்டு இரண்டு அளவு பெரிசாய் எடுப்பா. உன்ரை கழுசானெல்லாம் அப்பிடித்தானே எடுத்தவ, இன்னும் மடிச்சுக்கொண்டு திரியிறாய். ஸ்கீச் சப்பாத்து கழுசான் இல்லை. பாதத்தின்ரை நீளத்தைச் சென்ரிமீற்றரிலை அளந்தால் அதுதான் அளவு. நிமிர்ந்து நிண்டால் பெருவிரல் முன்னுக்கு முட்டும், முழங்காலை மடிச்சு முன்னுக்குச் சாய்ஞ்சால் விலகும். குதி அசையக் கூடாது. சொக்ஸ் ஒண்டுதான், மெல்லிசு. இரண்டு போட்டால் சூடு எண்டு சொன்னவையை எனக்குத் தெரியும், கால் விறைச்சு வந்து எங்கடை பட்டறை ஹீற்றருக்குப் பக்கத்திலை அழுதவை. சப்பாத்தைப் புதுசாய் வேண்டு, வெள்ளிக்கிழமைக்குள்ளை.

ஸ்கீயைப் பழசாய் வேண்டு. இலைதுளிர் காலத்திலை இல்லை, இலையுதிர் காலத்திலை, ஊருக்கு ஊர் ஸ்கீபேர்ஸே எண்டு பழைய சாமான் சந்தை போடுவாங்கள். நீ ரெயில் எண்ட இரும்புக் குழாயிலை ஏறி விழுந்து சிராய்க்கப்போற சாமானுக்கு மினுக்கம் எதுக்கு? ஆனால் படத்தைப் பாத்து மயங்காதே. திருப்பிப் போடு. இரும்பு விளிம்பிலை பெருவிரல் நகத்தை மெல்ல வைச்சு, நுனியிலை இருந்து வால் வரைக்கும் இழு. நகம் தட்டி நிக்கிற இடத்திலை வெடிப்பு. ரெயிலிலை அடிச்ச ஸ்கீக்குக் காலுக்குக் கீழைதான் வெடிக்கும். மயிர்க் கீறல் மாதிரி ஒண்டு இரண்டெண்டால் பொறுக்கலாம். விளிம்பு பலகையை விட்டு வெளியிலை வந்திருந்தால், பக்கச் சுவர் பிளந்திருந்தால், சும்மா தந்தாலும் வேண்டாம். அடியிலை பள்ளம் கிடந்தால் பயப்பிடாதே, பிளாஸ்ரிக் குச்சியைக் கொளுத்திச் சொட்டுச் சொட்டாய் உருக்கி நானே அடைச்சுத் தருவன். பள்ளத்துக்குள்ளாலை மரம் தெரிஞ்சால்தான் பயம். பழைய பைண்டிங்கைப் பட்டறையிலை சோதிக்காமல் ஏறாதே.

வீட்டை கொண்டு வந்த பிறகு அரத்தை எடுத்து, காலுக்குக் கீழை உள்ள விளிம்பைக் கொஞ்சம் மழுக்கி விடுவன், ரெயிலிலை கடிச்சுப் பிடிக்காமல் இருக்க. முழுக்க மழுக்கினால் காலமை இறுகின பனியிலை கத்தி இல்லாத மீன்காரன் மாதிரி நிப்பாய்.

ஹெல்மெற்றைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, போடாட்டி ஸ்கீ என்ரை கெல்லரிலைதான் கிடக்கும். நீ போகப்போற லாக்ஸிலை மலை நிறையப் பார்க் கிடக்கு, சின்னனும் பெரிசும். முதல்நாள் அகலமான, நிலத்தோடை கிடக்கிற பொக்ஸிலை நேராய்ப் போ. பத்துத் தரம் போ. ஆறு வயதுப் பெட்டையொண்டு உன்னை முந்திக்கொண்டு பின்பக்கமாய்ப் போகும். அதைப் பாத்துச் சிரி, கோபப்படாதே. ஏற முதல் மேலை நிண்டு கையைத் தூக்கிக் காட்டு, இறங்கின உடனை விலகு. இறங்கிற இடத்திலை நிண்டு ரெலிபோன் பாக்கிறவனுக்கு நான் பரிந்து கதைக்க மாட்டன், அவன் என்ரை பேரன் எண்டாலும்.

ஆகப் பெரிசெண்டால் 165. அதுக்கு மேலை ஒரு சென்ரிமீற்றரும் இல்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சந்தை திறக்கும், நல்ல சோடியெல்லாம் முதல் அரைமணித்தியாலத்திலை போயிடும். எட்டரைக்கே வந்து வாசலிலை நில். சப்பாத்தைக் கொண்டு வா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வராதே.