சட்டத்தை மீறும் வண்ணம்

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், 1/72 அளவில் செய்த பிளாஸ்டிக் விமானத்தின் கேனபியில், கண்ணாடியை விட்டுச் சட்டத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. கேனபியை விதானம் என்று எழுதலாம்தான். ஆனால் விதானம் என்றதும் கல்யாணப் பந்தல் கண்முன் வந்துவிடுகிறது. அதன் கீழே குண்டுவீச்சு விமானியை உட்காரவைக்க மனம் ஒப்பவில்லை.

சட்டம் என்பது ஈண்டு நாடாளுமன்றம் இயற்றுவதன்று. கண்ணாடிப் பலகங்களைப் பிடித்து நிற்கும் உலோக விளிம்பு. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் மீறுவார்கள். எவ்வளவு மெலிவு? 1/72 என்பது ஆறடி ஆள் ஓர் அங்குலமாகும் கணக்கு. அசலில் ஓர் அங்குலம் அகலமுள்ள சட்டம் இங்கே 0.35 மில்லிமீட்டர். நாலைந்து தலைமுடியை நெருக்கி அடுக்கினால் வரும் அகலம்.

இவ்வளவு சட்டம் ஏன்? கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்கு ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர் பதிவானது 1933இல். பெரிய கேனபியை ஒரே கொப்புளமாக ஊதி எடுப்பது அப்போது எளிதாயில்லை. சிறு பலகங்களாகச் சட்டத்தில் பொருத்தினார்கள். போர் முற்றிய பிறகு வந்த பி-51டி மஸ்டாங்கின் கேனபி சோப்புக் குமிழி. நாலு கோடு இழுத்தால் தீர்ந்தது. அதைச் செய்கிறவர்கள் சுகவாசிகள். அவர்களிடம் ஆய்வுக்குரிய துன்பம் இல்லை. ஆகவே ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான ஹைன்கெல் 111ஐ எடுத்துக்கொண்டேன். பி (P) வகையிலிருந்து இதற்கு மூக்கு முழுவதும் கண்ணாடி. மாதிரியின் இறக்கை நீளம் 31 சென்டிமீட்டர். வேலையில் பாதி மூக்கு நுனியில்.

முதலில் பரபக்கம், அதாவது பிறர் மதம் மறுத்தல்.

வெறுங்கை மதத்தார் மெல்லிய பிரஷ்ஷால் நேரே கோடிழுத்து, வழிந்ததைப் பல்குச்சியால் சுரண்டுவர். கை நடுங்காது என்பதே இவர்களுக்குப் பிரமாணம். இரண்டு காப்பி குடித்தவருக்கு இம்மதம் செல்லாது.

திரவ மதத்தார் அம்மோனியா வீச்சமுள்ள ரப்பர் பாலைப் பலகத்தில் தடவிக் காயவிடுவர். சட்டத்தின் ஓரம் வந்ததும் அது தானே நின்றுகொள்ளும் என்று நம்புகிறார்கள். அது நிற்பதில்லை. தடவிய பிரஷ்ஷும் அத்தோடு காலி.

இன்னொரு சாரார், செக் நாட்டு எடுவார்ட் போன்றோர் அச்சாக வெட்டி விற்கும் மாஸ்க்கை வாங்கி ஒட்டுவர். காசு கொடுத்து முடித்துக்கொள்பவர்களோடு தர்க்கம் செய்வது முறையன்று.

இனிச் சுபக்கம். நம்முடையது டேப் மதம். ஜப்பானின் டாமியா மஞ்சள் டேப் மெல்லிய தாள். பசையும் கெடுபிடி செய்யாது. பலகத்தின் மேல் போட்டுப் பல்குச்சியால் ஓரத்தை அழுத்திக்கொண்டே போனால், அடியில் புடைத்திருக்கும் சட்டத்தின் விளிம்பு தாளில் மெல்ல எழுந்து வரும். அந்த மடிப்பிலேயே 11ஆம் எண் பிளேடை ஓடவிட வேண்டும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும். கத்தியின் கனமே வெட்டும், நாம் அழுத்தக் கூடாது. பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், நம்மைத் திட்டவைக்கும்.

நான் இடப்பக்கப் பலகங்களுக்கு வெட்டி, அதே அளவில் வலப்பக்கத்துக்கும் ஒரே மூச்சில் வெட்டிவைத்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. ஹைன்கெல் மூக்கு நேரானதன்று. இடப்பக்கம் உட்காரும் விமானிக்குப் பார்வை மறைக்காதிருக்க, முன்துப்பாக்கியின் உருண்டையை வலப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். கோணலாகப் பிறந்த மூக்கை நேராக்க முயன்று ஒரு மாலை போயிற்று. மேசைப் பக்கம் வந்த அம்மா, “ஏன்டா, உடைஞ்சு போச்சா? இத்தனை பிளாஸ்திரி போட்டிருக்க?” என்று கேட்டாள். ஆய்வுலகம் இக்கேள்வியை இன்னும் எதிர்கொள்ளவில்லை.

வண்ணத்தில் முறை தலைகீழ். முதலில் உட்புற நிறம், அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டம் காக்பிட் நிறமாகத் தெரிய வேண்டுமே. அந்த உட்புற நிறம் 02 என்ற பச்சை கலந்த சாம்பலா, 66 என்ற கருஞ்சாம்பலா என்பதில் உரையாசிரியர்கள் அடித்துக்கொள்வர். நான் கையிலிருந்த புட்டியைப் பின்பற்றினேன். ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை. ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டேப்பின் அடியில் புகுந்து, சட்டத்தை மீறும் வண்ணம் வண்ணம் நடந்துகொள்ளும். மூன்று மாலை ஒட்டினேன். அடித்தது பதினோரு நிமிடம்.

கேனபியை உடலோடு ஒட்ட சூப்பர் குளூ ஆகாது. அதன் ஆவி கண்ணாடியில் பனிபோல் வெள்ளையாகப் படியும். தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷில் கேனபியை முன்பே முக்கி எடுத்தால் அந்தப் பனிக்குத் தடுப்பு, நுண்கீறல்களும் மறையும். அமெரிக்காவில் ஃபியூச்சர் என்ற தரைப் பாலிஷை விமானம் செய்பவர்கள் வாங்கியது இதற்குத்தான். நான் வெள்ளைக் கோந்தால் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் டேப்பின் முனையை ஊசியால் நெம்பி, பின்னோக்கி மடக்கித் தாழ்வாக உரித்தேன். ஒவ்வொரு பலகமாகக் கண் திறந்தது. கோடுகள் கத்திமுனைபோல் நின்றன. ஓரிடத்திலும் மீறல் இல்லை.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். விமானி இருக்கைக்கு நேர் மேலே, பலகத்தின் உட்புறத்தில், ரேகை ரேகையாக என் கட்டைவிரல். சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருந்தது.